பாவூர்சத்திரத்து வானில் இ.எக்ஸ். ஹைட்ரே: குறுநோவா நோக்கலில் ஒரு தீர்க்கரேகை இடைவெளி

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், தென்காசியை எட்டுவதற்குச் சற்று முன்னால் வருவது பாவூர்சத்திரம். காய்கறிச் சந்தைக்கும் சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகளுக்கும் பேர்போன ஊர். அட்சரேகை 8.9 பாகை வடக்கு, தீர்க்கரேகை 77.4 பாகை கிழக்கு. குறுநோவா எனப்படும் விண்மீன்களின் ஒளியெழுச்சிகளைக் கண்காணிப்பதில் இந்த இரண்டு எண்களுக்கும் தனி மதிப்பு உண்டு என்பதும், குறிப்பாக இ.எக்ஸ். ஹைட்ரே என்ற ஒரு விண்மீனைப் பொறுத்தவரை உலக நோக்கர்களிடையே உள்ள ஓர் இடைவெளியை இந்த வட்டாரம் நிரப்ப முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். சிறிய தொலைநோக்கியும், ‘இன்று எழுச்சி இல்லை’ என்று இரவுதோறும் எழுதி வைக்கும் ஒழுங்கும் இருந்தால் அதற்குப் போதும்.

குறுநோவா என்பது ஒற்றை விண்மீனன்று. புவியின் பருமனும் ஏறத்தாழச் சூரியனின் நிறையும் கொண்ட வெண்குறுமீன் ஒன்றும், அதைவிடக் குளிர்ந்த சிவந்த துணைவிண்மீன் ஒன்றும் சில மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழலும் இணை அது. துணையிடமிருந்து வழியும் வாயு நேரே வெண்குறுமீனில் விழுவதில்லை. அதைச் சுற்றி ஒரு திரள் வட்டாகச் சேர்கிறது. நாம் காணும் ஒளியில் பெரும்பகுதி அந்த வட்டினுடையதே. வாரக்கணக்கில் மங்கிக் கிடக்கும் இணை திடீரென ஓரிரு நாளில் பல மடங்கு பொலிவடைந்து, சில நாள் அந்நிலையில் இருந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அன்னம் விண்மீன் கூட்டத்திலுள்ள எஸ்.எஸ். சிக்னி சராசரியாக ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை 12ஆம் பொலிவெண்ணிலிருந்து 8 வரை எழும் (எண் குறையக் குறையப் பொலிவு கூடும்). அதாவது ஏறக்குறைய 40 மடங்கு. மிதுனத்திலுள்ள யூ ஜெமினோரம் சராசரியாக நூறு நாளுக்கு ஒருமுறை 14இலிருந்து 9 வரை எழும். இது நூறு மடங்கு.

ஏன் எழுகிறது என்பதற்கு 1970களில் இரண்டு விளக்கங்கள் எதிரெதிரே நின்றன. துணைவிண்மீன் அவ்வப்போது வழக்கத்தைவிட அதிக வாயுவைத் தள்ளுகிறது என்றது ஒன்று. வரத்து சீராகத்தான் இருக்கிறது, வட்டுதான் தேக்கி வைத்துத் திடீரெனத் திறந்துவிடுகிறது என்று 1974இல் ஜப்பானின் யோஜி ஒசாக்கி முன்வைத்தது மற்றொன்று. ஒசாக்கியின் விளக்கத்துக்கு இயற்பியல் அடித்தளம் ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. வட்டின் வெப்பநிலை சில ஆயிரம் கெல்வினைத் தாண்டும்போது ஹைட்ரஜன் அயனியாகிறது. அயனியானதும் வாயுவின் ஒளிபுகாத்தன்மை கூடி வெப்பம் உள்ளேயே தங்குகிறது. பாகுத்தன்மை ஏறி, தேங்கிய வாயு வேகமாக உள்நோக்கிப் பாய்கிறது. குளம் நிறைந்து மறுகால் பாய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: சாதாரண எழுச்சியில் வட்டிலுள்ள வாயுவின் சிறு பகுதியே வெண்குறுமீனில் விழுகிறது, எஞ்சியது அடுத்த எழுச்சிக்கு அடியிருப்பாக நிற்கிறது. ஆகவே ஓர் எழுச்சியின் அளவும் இடைவெளியும் அதற்கு முன் நடந்தவற்றைச் சார்ந்திருக்கின்றன. தொடர்ச்சியான பதிவு இல்லாமல் ஒரு தனி எழுச்சியை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் பாதிப் பொருளே விளங்கும்.

இத்துறையின் தொடக்கத்திலேயே சென்னையோடு தொடர்புடைய ஒருவர் இருக்கிறார். 1855 டிசம்பர் 15 அன்று லண்டனில் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் மிதுனத்தில் புதிய விண்மீன் ஒன்றைக் கண்டார். அது சில நாளில் மங்கி மறைந்ததால் வழக்கமான நோவா என்று எண்ணுவதே இயல்பாக இருந்தது. 1856 மார்ச்சில் அதே இடத்தில் அது மீண்டும் எழுந்ததைப் பார்த்தவர், அப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த நார்மன் போக்சன். நோவா மூன்று மாதத்தில் மறுபடி வெடிப்பதில்லை. ஆகவே புதிய வகை ஒன்று கைக்கு வந்துவிட்டது. அதே 1856இல்தான் ஐந்து பொலிவெண் என்றால் சரியாக நூறு மடங்கு என்ற அளவுமுறையையும் அவர் முன்மொழிந்தார். இன்று குறுநோவாக்களை அளக்கும் கோல் அதுவே. 1861இல் மதராஸ் வானாய்வகத்தின் அரசு வானியலாளராக வந்த போக்சன், 1891இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அவருடைய மாறு விண்மீன் பதிவுகள் ஒழுங்குபடுத்தப்பட்டு அச்சேறியது அவர் இறந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு, 1908இல்.

போக்சனின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் ஒளிமாறுவதை அவர் கண்டறிந்தார். மாறு விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு உண்டு. தென் துருவத்தை ஒட்டி, தெற்குச் சாய்வு 63 பாகையில் இருக்கும் அந்த விண்மீன், சென்னையில் உச்சநிலையிலும் தொடுவானத்துக்கு மேல் 14 பாகைதான் ஏறும். ஐரோப்பாவிலிருந்து அதைக் காணவே முடியாது. எனவே அந்தக் கண்டுபிடிப்பில் கண்ணின் கூர்மைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு சென்னையின் அட்சரேகைக்கும் உண்டு. தென் தமிழகத்தைப் பற்றிய என் வாதத்துக்கு இது முன்னோடிச் சான்று.

மூன்றாவது பெயர் வங்காளத்தினுடையது. ஜெசூர் கருவூலத்தில் ஊழியராக இருந்த ராதா கோவிந்த சந்திரா மெட்ரிகுலேஷன் தேறாதவர். 1918 ஜூனில் அக்விலா விண்மீன் கூட்டத்தில் தோன்றிய நோவாவைத் தாமாகவே கண்டவர். அமெரிக்க மாறு விண்மீன் நோக்கர் சங்கத்தில் சேர்ந்து 1954 வரை 37,000க்கும் மேற்பட்ட பொலிவு மதிப்பீடுகளை அனுப்பினார். அச்சங்கம் 1926இல் சார்லஸ் எல்மருக்குச் சொந்தமாயிருந்த ஆறங்குலத் தொலைநோக்கியைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பி வைத்தது. (இந்த எல்மர்தான் பின்னாளில் பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தை நிறுவிய இருவரில் ஒருவர்.) சந்திரா ஓய்ந்த பிறகு அக்கருவி வானியலாளர் வேணு பாப்புவிடம் வந்து, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் சேர்ந்தது. கருவி தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. இரவுதோறும் எழுதும் பழக்கம் அதனுடன் வரவில்லை. போக்சன், ரகுநாதாச்சாரி, சந்திரா மூவரைப் பற்றியும் நாம் எழுதுவதெல்லாம் அவர்களின் பெருமையை மட்டுமே சொல்கிறது. இந்திய மாறு விண்மீன் நோக்கலின் வரலாற்றில் இடைவெளிகள் விழுந்தது கருவி இல்லாமல் அன்று, ஒருவருக்குப் பின் அந்தப் பதிவேட்டை எடுத்து நடத்த இன்னொருவர் இல்லாமல்தான் என்று நான் கருதுகிறேன்.

இத்தகைய எளிய பதிவுகள் நவீன வானியலில் என்ன செய்துவிட முடியும் என்ற கேள்விக்கு எஸ்.எஸ். சிக்னியின் தொலைவு பற்றிய வழக்கு முழுமையான விடை. 1896இல் ஹார்வர்டில் லூயிசா வெல்ஸ் கண்டறிந்த இவ்விண்மீனின் எழுச்சிகளை உலகெங்கும் உள்ள தன்னார்வ நோக்கர்கள் அன்று முதல் விடாமல் பதிந்து வருகின்றனர். 1990களின் இறுதியில் ஹபிள் தொலைநோக்கி கொண்டு அளந்ததில் அதன் தொலைவு 166 பார்செக் என்று வந்தது. அது கோட்பாட்டாளர்களுக்குப் பெரும் தலைவலியானது. அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு நமக்கு இவ்வளவு பொலிவாகத் தெரிய வேண்டுமானால், வட்டில் விழும் வாயுவின் வரத்து மிக அதிகமாயிருக்க வேண்டும். அவ்வளவு வரத்துள்ள வட்டு எப்போதும் சூடாகவே இருக்கும், எழுச்சியே வராது. அதாவது குறுநோவாக்களின் மாதிரி விண்மீன் என்று பாடநூல்கள் சொல்லும் எஸ்.எஸ். சிக்னி, குறுநோவாவாக இருக்கவே கூடாது! வட்டுக் கோட்பாடு முழுவதையும் கைவிட வேண்டியிருக்குமோ என்ற ஐயம் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது.

தீர்வு வானொலித் தொலைநோக்கிகளிடமிருந்து வந்தது. ஆனால் ஒரு சிக்கல்: அமைதிக் காலத்தில் எஸ்.எஸ். சிக்னி வானொலியில் தெரியாது. எழுச்சி தொடங்கி ஏறும் சில நாட்களில் மட்டுமே அது வானொலி அலைகளை வெளியிடும் என்பது 2008இல் வெளியான ஆய்வில் தெரியவந்திருந்தது. அந்த ஆய்வே தன்னார்வ நோக்கர்களின் எச்சரிக்கையால்தான் சாத்தியமானது. கண்டங்கள் கடந்து பரந்துள்ள வானொலித் தொலைநோக்கிகளை எழுச்சி தொடங்கிய உடனே அவ்விண்மீனை நோக்கித் திருப்ப வேண்டும். எப்போது திருப்புவது என்று சொன்னவர்கள் தம் வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் நின்று பார்த்தவர்கள். 2010 முதல் 2012 வரை அப்படிப் பிடித்த எழுச்சிகளைக் கொண்டு ஜேம்ஸ் மில்லர்-ஜோன்ஸ் குழு 2013இல் வெளியிட்ட தொலைவு 114 பார்செக். பொலிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், பழைய மதிப்பு விண்மீனின் உண்மையான ஒளித்திறனை இரு மடங்குக்கு மேல் மிகைப்படுத்தியிருந்தது. புதிய தொலைவில் வட்டுக் கோட்பாடு மறுபடி பொருந்தியது. கயா செயற்கைக்கோளின் அளவீடும் பின்னர் அதையே உறுதிசெய்தது.

அப்படியானால் தென்காசி வட்டாரத்து நோக்கர் எஸ்.எஸ். சிக்னியையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எடுக்கக் கூடாது என்பது என் முடிவு. காரணம் நம் பருவங்கள். எஸ்.எஸ். சிக்னி நள்ளிரவில் உச்சத்துக்கு வருவது ஆகஸ்ட் நடுவில். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். ஆரியங்காவு கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குக் காற்று அருவிகளுக்கு நீரும் காற்றாலைகளுக்கு வேகமும் தருகிறது. தென்காசியில் சாரல் பெய்கையில் பாவூர்சத்திரம் வரை மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். மழை அங்கே பொழியாவிட்டாலும் விண்மீன் நிலைத்துத் தெரியாது. காற்றில் தொலைநோக்கிக் குழல் ஆடும். செப்டம்பரில் சிறிது தெளிந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆயிரம் கண்கள் பார்க்கும் ஒரு விண்மீனை, நம் ஊரின் மிக மோசமான மாதங்களில் பார்க்க முயல்வது வீண் உழைப்பு. வட நாட்டு நோக்கர்களின் விருப்பப் பட்டியலை அப்படியே எடுத்து நம் மாணவர்களிடம் கொடுப்பதில் உள்ள பிழை இதுதான்.

நம் வானம் தை பிறந்து வெயில் ஏறும் வரை, அதாவது ஜனவரி நடுவிலிருந்து மே முற்பகுதி வரை நன்றாக இருக்கிறது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் செய்துவரும் வானொளிர்வுப் பதிவுகளும் பெரும்பாலும் ஆண்டின் இந்த முற்பகுதியைச் சேர்ந்தவையே. ஆகவே விண்மீன் தெரிவு இந்த நான்கு மாதத்தை வைத்துத்தான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் போக்சனின் யூ ஜெமினோரம் முதலில் வருகிறது: ஜனவரி நடுவில் நள்ளிரவுக்குச் சற்றுப் பின் உச்சம், பாவூர்சத்திரத்தில் வடதிசையில் 77 பாகை உயரம். ஓரியனிலுள்ள சி.என். ஓரியானிஸ் தெற்கே 76 பாகை உயரத்தில் செல்லும். மூன்று வாரத்துக்கு ஒருமுறையளவில் எழுவதால் பழகுவோருக்கு நல்ல பயிற்சி. இவை நல்ல விண்மீன்கள். ஆனால் பிறரும் பார்ப்பவை. நம் இடத்தின் தனித்தன்மை வெளிப்படுவது இ.எக்ஸ். ஹைட்ரேயில்.

ஹைட்ரா என்ற நீண்ட பாம்பு வடிவக் கூட்டத்தின் வால் பக்கம், தெற்குச் சாய்வு 29 பாகையில் உள்ளது இவ்விண்மீன். தொலைவு சுமார் 57 பார்செக், ஏறத்தாழ 185 ஒளியாண்டு. துணையும் வெண்குறுமீனும் 98 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகின்றன. வெண்குறுமீன் காந்தப்புலம் கொண்டது. 67 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுழல்கிறது. அந்தக் காந்தப்புலம் வட்டின் உட்பகுதியை அரித்துவிடுவதால், இங்கே வட்டு நடுவில் வெற்றிடமுள்ள வளையமாகவே இருக்கிறது. அமைதியில் 13ஆம் பொலிவெண். ஓராண்டு, ஈராண்டு, சில சமயம் அதற்கும் மேல் காத்திருந்தால் ஒருமுறை 10ஐ ஒட்டி, சில வேளை அதற்கும் மேலே எழும். எழுச்சி ஒரு நாளுக்குள் ஏறி, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

இந்தச் சுருக்கமே இதைக் கோட்பாட்டளவில் முக்கியமாக்குகிறது. 1970களின் பழைய விவாதம் பிற குறுநோவாக்களில் பெரும்பாலும் வட்டுக் கோட்பாட்டின் பக்கம் முடிந்துவிட்டது, இ.எக்ஸ். ஹைட்ரேயில் முடியவில்லை. எழுச்சியின்போது வாயுத் தாரை வட்டைத் தாண்டி நேரே காந்தப்புலத்தில் மோதுகிறது என்பதற்கான அறிகுறிகளை கோயல் ஹெல்லியர் முதலானோர் எக்ஸ்-கதிர் அளவீடுகளில் கண்டு, துணையிடமிருந்து வரத்தே திடீரெனக் கூடுவதாக வாதிட்டனர். அந்த அறிகுறி, சுழற்சிக்கும் சுற்றுக்கும் இடையிலான ஒத்திசைவாக, ஏறத்தாழ மூன்றரை மணிக்கு ஒருமுறை வரும் ஏற்றத்தாழ்வாகத் தெரிகிறது. எழுச்சி ஏறும் முதல் மணி நேரங்களைப் பார்க்காமல் இவ்வழக்கைத் தீர்க்க முடியாது. அந்த முதல் மணி நேரங்களோ அரிதாகவே பிடிபட்டுள்ளன.

இப்போது தீர்க்கரேகைக்கு வருவோம். தெற்கே இருப்பதால், 50 பாகை வடக்கிலுள்ள ஐரோப்பிய நகரங்களில் இவ்விண்மீன் 11 பாகைக்கு மேல் ஏறாது. 35 பாகையிலுள்ள ஜப்பானில் 26 பாகை. பாவூர்சத்திரத்தில் 52 பாகை ஏறும். தென் அரைக்கோளத்தில்தான் இது தலைக்கு மேல் வரும்; அங்கே நோக்கர்கள் திரண்டிருப்பது கிழக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில். சிட்னி 151 பாகை கிழக்கு, ஜோகன்னஸ்பர்க் 28. இடையில் இந்தியப் பெருங்கடல். சிட்னியில் உச்சம் கடந்த விண்மீன் ஜோகன்னஸ்பர்க்கில் உச்சத்துக்கு வர 8.2 மணி நேரம் ஆகும். ஏப்ரல் தொடக்கத்தில் இ.எக்ஸ். ஹைட்ரே இரவு முழுதும் தெரியும் காலத்தில் இந்த இடைவெளியை இருபக்கத்து நோக்கர்களும் ஓரளவு தாங்களே மூடிவிடுவார்கள்: சிட்னியில் மேற்கே இறங்குகையில் ஜோகன்னஸ்பர்க்கில் கிழக்கே ஏறத் தொடங்கியிருக்கும். இதை மறைத்து வாதிடுவதில் பயனில்லை. ஆனால் பிப்ரவரியில் பின்னிரவு மட்டுமே கிடைக்கும். அங்கே அது கோடை, இரவும் குறுகியது. ஓரிடத்துக்கு நான்கைந்து மணி நேரமே பார்வை கிடைக்கும்போது, சிட்னியின் விடியலுக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் விண்மீன் போதிய உயரம் ஏறுவதற்கும் இடையே மூன்று மணிக்கு மேல் யாரும் பார்க்காத நேரம் விழுகிறது. இரண்டில் ஓரிடத்தில் மேகம் வந்தால் அந்த நேரம் இன்னும் பெருகும். பாவூர்சத்திரம் சிட்னிக்கு 4.9 மணி பின்னால், ஜோகன்னஸ்பர்க்குக்கு 3.3 மணி முன்னால். பிப்ரவரியில் நமக்கு இரவும் நீளம், வானமும் தெளிவு.

தானியங்கி வான்தேடல்கள் இருக்கையில் மனிதக் கண் எதற்கு என்பது வழக்கமான மறுப்பு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பல நூறு மங்கிய குறுநோவாக்களை இன்று அவையே கண்டறிகின்றன. ஆனால் அவை மங்கலைப் பிடிப்பதற்காக அமைந்தவை. பெரிய தேடல் கருவிகளின் உணரிகள் பொலிவான விண்மீனில் நிரம்பி வழிந்துவிடும். ஸ்விக்கி தேடலுக்கு 12-13ஆம் பொலிவெண்ணிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது, சிலியில் எழுந்துள்ள ரூபின் வானாய்வகத்துக்கு அதற்கும் வெகு முன்னரே. சூப்பர்நோவா தேடும் சிறு கருவிகளின் வலையமைப்பு இரவுக்கு ஒருமுறை எனும் அளவில் ஒரு திசையைப் பார்க்கிறது. 10ஐ நெருங்கும் விண்மீனில் அதன் அளவீடும் நம்பகம் இழக்கிறது. நமக்கு அண்மையில் இருப்பதால் பொலிவாகவும், பொலிவாக இருப்பதால் நுட்பமாக ஆராயத் தக்கதாகவும் உள்ள ஒரு சில டஜன் குறுநோவாக்கள் இத்தேடல்களின் மேல் எல்லையில் போய் இடிக்கின்றன. அவற்றைச் சிறு கருவிகளே காக்க வேண்டும்.

கண் மதிப்பீட்டின் துல்லியக் குறைவு இரண்டாவது மறுப்பு. பழகிய கண் ஒரு பொலிவெண்ணில் பத்தில் இரண்டு, மூன்று பங்கு பிழை விடும்; உண்மைதான். ஆனால் மூன்று பொலிவெண்ணுக்கு மேல் எழும் ஒன்று எழுந்ததா இல்லையா என்று சொல்ல அந்தப் பிழை தடையே இல்லை. எழுந்துவிட்டது என்று தெரிந்தபின் நுட்ப அளவீட்டை மின்னணு உணரிகளிடம் விடலாம்.

செய்முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது. சங்கம் தரும் வரைபடத்தில் மாறு விண்மீனைச் சுற்றிலும் ஒளிமாறாத ஒப்பீட்டு விண்மீன்கள் எண்களோடு குறிக்கப்பட்டிருக்கும். 9.6 என்பது 96 என்றும் 11.3 என்பது 113 என்றும் அச்சாகியிருக்கும்; தசமப் புள்ளி போட்டால் மங்கலான சிவப்பு விளக்கில் அதையும் ஒரு விண்மீனென்று கண் எடுத்துக்கொள்ளும் என்பதால் புள்ளியே கிடையாது. மொட்டைமாடியில் தெருவிளக்கு மறையும் மூலையில் நின்று, கண் இருளுக்குப் பழக அரை மணி விட்டு, வரைபடத்தைச் சுழற்றிக் கருவியில் தெரியும் புலத்தோடு பொருத்த வேண்டும். மாறு விண்மீன் தெரிந்தால், அதைவிடச் சற்றுப் பொலிவான ஒன்றுக்கும் சற்று மங்கிய ஒன்றுக்கும் இடையே எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பத்தில் ஒரு பங்கு வரை எழுதலாம். தெரியாவிட்டால், அப்போது கண்ணுக்குத் தெரிகிற மிக மங்கிய ஒப்பீட்டு விண்மீன் எது என்று தேடி, ‘113ஐவிட மங்கல்’ என்று எழுத வேண்டும்.

இந்த இரண்டாவது வகைப் பதிவுதான் இ.எக்ஸ். ஹைட்ரேக்கு உயிர்நாடி. அமைதியிலுள்ள 13ஆம் பொலிவெண்ணைக் காணக் கருமையான வானத்தில் எட்டங்குலக் கருவி வேண்டும். ஆனால் எழுச்சி இல்லை என்று உறுதி சொல்ல 11.3 வரை தெரிந்தாலே போதும். மூன்றங்குலத் தொலைநோக்கி அதைச் செய்துவிடும். நான்குவழிச் சாலையும் சந்தையின் விளக்குகளும் ஊர் வானத்தை வெளுக்கச் செய்துவிட்டன என்ற குறை நியாயமானதே. ஆயினும் ஊருக்கு வெளியே வயல்வெளிப் பக்கம் ஒரு கிலோமீட்டர் போனால் இந்த எல்லையை எட்ட முடியும். ‘காணவில்லை’ என்று எழுத மாணவர்கள் தயங்குவார்கள், அதைத் தோல்வி என்று நினைப்பார்கள். ஆசிரியர் முதலில் மாற்ற வேண்டியது இந்த எண்ணத்தை. எல்லை குறிக்காமல் ‘பார்த்தேன், இல்லை’ என்று எழுதுவதுதான் பயனற்றது. எல்லை குறித்த இன்மை, இருப்பைப் போலவே அளவீடு.

காலம் குறிப்பதிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. இத்துறையில் தேதிக்குப் பதிலாக ஜூலியன் நாள் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அது உலக நேரம் நண்பகலில், நமக்கு மாலை 5.30 மணிக்கு மாறும். சூரியன் மேற்குமலைக்குப் பின்னே இறங்கும் வேளையில் எண் மாறிவிடுவதால் நம் இரவு முழுதும் ஒரே எண்ணுக்குள் அடங்கும். ஜப்பானியருக்கு அது இரவு 9 மணிக்கு, நோக்கலின் நடுவில் மாறும். நள்ளிரவில் தேதி மாறிவிட்டதை மறந்து பதிவைக் குழப்பிக்கொள்ளும் பிழையிலிருந்து தொடக்க நோக்கர்களை இது காக்கும்.

மார்ச் நடுவில் ஓர் இரவுக்கான நிரல் இப்படி அமையலாம். எட்டரை மணியளவில் யூ ஜெமினோரம் உச்சத்தில் இருக்கும். பார்த்து எழுதிவிட வேண்டும். பத்தரைக்கு இ.எக்ஸ். ஹைட்ரே தென்கிழக்கே 30 பாகை ஏறிவிடும். முதல் பதிவு அப்போது. விடியலுக்கு முன் எழ முடிந்தால் மேற்கே இறங்கும் நேரத்தில் இன்னொரு பதிவு. ஏப்ரல் நடுவில் இதே நிலை எட்டரை மணிக்கே வந்துவிடுவதால் பள்ளி மாணவர்களும் பங்கேற்கலாம். ஒருவரால் நான்கு மாதம் தொடர்ந்து செய்ய முடியாது. பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம், சுரண்டை என்று நான்கைந்து ஊரில் முறை வைத்துச் செய்தால் ஒருவர் விட்ட இரவை மற்றவர் நிரப்பலாம். தனிமனிதர் ஓய்ந்ததும் பதிவேடும் ஓய்ந்துபோன வரலாற்றுக்கு இதுவே மாற்று.

எழுச்சி ஒருநாள் பிடிபட்டால், அதே தீர்க்கரேகையில் ஏறக்குறைய நேர் வடக்கே காவலூர் இருக்கிறது. பாவூர்சத்திரத்தில் உச்சத்திலுள்ள விண்மீன் அங்கே ஆறு நிமிடத்துக்கு முன் உச்சத்தைக் கடந்திருக்கும். அதாவது எச்சரிக்கை கிடைத்த அதே இரவிலேயே 2.34 மீட்டர் வேணு பாப்பு தொலைநோக்கியில் நிறமாலை எடுக்க வானம் இடந்தருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வரும் எச்சரிக்கைக்கு இந்த வசதி இல்லை. அது நமக்குப் பகலிலோ, விண்மீன் மறையும் நேரத்திலோ வந்து சேரக்கூடும். ஆண்டின் முற்பகுதியில் மட்டுமாவது இத்தகைய எச்சரிக்கைகளை ஏற்று நேரம் ஒதுக்கும் ஏற்பாடு காவலூரோடு இருக்குமானால், இரண்டு இடங்களுக்குமே பயன் உண்டு.

எழுச்சி தெரிந்ததும் நோக்கர் செய்ய வேண்டியவை சில. உடனே சங்கத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு மதிப்பீடு வீதம் குறைந்தது ஒரு சுற்றுக் காலமான 98 நிமிடமும் தொடர வேண்டும். கருவியில் உணரி பொருத்தியிருந்தால் மூன்றரை மணியும் விடாமல் எடுப்பது நல்லது, அந்த ஒத்திசைவு ஒரு முழுச் சுற்று முடியும். பிறகு பதிவேட்டில் முந்தைய பக்கத்தைப் புரட்டி, கடைசியாக எழுதிய ‘மங்கல்’ பதிவின் நேரத்தைத் தகவலோடு சேர்த்து அனுப்ப வேண்டும். எழுச்சி எப்போது தொடங்கியிருக்க முடியும் என்பதற்கு அந்தப் பழைய வரிதான் கீழ் எல்லை. அவ்விரு வரிகளுக்கும் இடையே ஒரு முழு நாள் கிடந்தால் ஏறுமுகம் முழுவதும் அதற்குள் மறைந்துபோகும். ஐந்தாறு மணி மட்டுமே கிடந்தால், பொலிவு முதலில் எழுந்தது வாயுத் தாரை வந்து மோதும் வெளிவிளிம்பிலா, காந்தப்புலம் அரித்த உள்விளிம்பிலா என்று கேட்கத் தொடங்கலாம்.